லமாயின் தொட்டி

லமாய் கையில் எடுத்துப் பார்த்தால் பழம் தானாகவே வாய் திறந்து உண்மையைச் சொல்லிவிடும் என்று மலையடி ஊரான லான் சகாவில் ஒரு பேச்சு உண்டு. அது லமாயே கிளப்பிவிட்ட பேச்சு என்று சொல்கிறவர்களும் உண்டு. எது எப்படியோ, மங்குஸ்தான் ஏலக் குழுவில் இருக்கும் எழுபத்தொரு குடும்பத்தின் பழத்தையும் பார்த்துத் தரம் சொல்வது அவள்தான். ஒன்பது வருஷமாக அவள் வைத்ததே சட்டம். அவள் தலையை இடம் வலமாக ஆட்டிவிட்டால் குழுத் தலைவர் சலோங்கே வந்து கெஞ்சினாலும் ஒன்றும் நடக்காது.

மங்குஸ்தான் கள்ளத்தனம் பிடித்த பழம். வெளியே கருஞ்சிவப்பாக, பச்சைத் தொப்பி வைத்துக்கொண்டு, எல்லாம் ஒரே மாதிரி உட்கார்ந்திருக்கும். உள்ளே எப்படி என்று வெட்டினால்தான் தெரியும், வெட்டிவிட்டால் விற்க முடியாது. பழுக்கிற நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால், பஞ்சு வெள்ளையாக இருக்க வேண்டிய சுளை பளபளவென்று ஊடுருவித் தெரிய ஆரம்பிக்கும். கடித்தால் முள்ளங்கியைக் கடித்தது போல நறுக்கென்று இருக்கும், இனிப்பும் இருக்காது. சுளைக்குள் காற்று இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் தண்ணீர் போய் உட்கார்ந்துகொள்வதால் வருகிற கேடு அது. பாவம், சுளை மூச்சு முட்டிச் செத்துப்போகிறது. ஊரில் அதைக் கண்ணாடிச் சுளை என்பார்கள். ஒரு கூடையில் நாலு கண்ணாடி அகப்பட்டால் போதும், சீனாவுக்கு ஏற்றுகிற வியாபாரி அடுத்த நாள் வேறு ஊருக்குப் போய்விடுவான்.

அதைப் பிடிப்பதற்குத்தான் தொட்டி. நல்ல பழம் மிதக்கும், தண்ணீர் குடித்த பழம் மூழ்கும். வந்த கூடைகளில் கைக்கு அகப்பட்டதை நூறு எடுத்துத் தொட்டியில் போட வேண்டும். பத்துக்கு மேல் அடியில் போனால் அந்த ஆளுக்கு அன்றைக்கு ஏலம் கிடையாது. ஒரே பருவத்தில் மூன்று தடவை அப்படி ஆனால் அந்த வருஷமே கிடையாது, பழத்தை ரோட்டோரக் கடைக்காரனிடம் கொண்டுபோய்க் கொட்ட வேண்டியதுதான். இந்தக் கறார் இருந்ததால்தான் லான் சகா பழம் என்றால் வியாபாரிகள் போட்டி போட்டுக்கொண்டு சீட்டில் விலை எழுதிப் போட்டார்கள்.

போன வருஷம் வரைக்கும் தொட்டிக்குக் கிணற்றுத் தண்ணீர்தான். முந்தின நாளே இறைத்து ஊற்றி வைப்பார்கள், அது பாசியும் கொசுப்புழுவுமாக நாள் முழுக்க வெயிலில் கிடக்கும். லமாய்க்கு அதைப் பார்த்தாலே குமட்டும். இந்த வருஷம் கூட்டத்துக்குக் கூட்டம் சண்டை போட்டு, மலை ஓடையிலிருந்து நேராகத் தொட்டிக்குக் குழாய் இறக்கிவிட்டாள். காவ் லுவாங் மலைத் தண்ணீர் ஐஸ் போல வந்து விழுந்தது, கையை வைத்தால் விரல் விறைத்துப்போகும். வருகிறவர் போகிறவர் எல்லோரையும் கையை விட்டுப் பார்க்கச் சொல்லிப் பெருமைப்பட்டாள். "குடிச்சுப் பாருங்க, குடிச்சுப் பாருங்க" என்பாள். சலோங் ஒரு தடவை குடித்துவிட்டுப் பல் கூசுகிறது என்று ஒரு வாரம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இந்தத் தொட்டியில்தான் அவளுடைய கொழுந்தன் சாயனின் பழம் ஏற்கெனவே இரண்டு தடவை தோற்றிருந்தது.

சாயன் அவள் கணவனுக்குத் தம்பி. கணவன் போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆகிறது. அதில் முதல் இரண்டு வருஷம் லமாயின் தோட்டத்து மரங்களில் ஏறிப் பழம் பறித்துக் கொடுத்தவன் சாயன்தான். கூலி கொடுத்தால் வாங்க மாட்டான், சோறு போட்டால் இரண்டு தட்டு சாப்பிடுவான். அவனுக்கு ஓடைக்கு அந்தப் பக்கம், தாழ்வில் நாற்பது மரம். ஜூலையில் பெய்த மழையில் அந்தத் தோட்டத்தில் நாலு நாள் தண்ணீர் நின்றது. வேருக்கும் மூச்சு வேண்டும். தண்ணீர் நிற்கிற மண்ணில் அது கிடைக்காது. மரம் வாடும், காயும் கெடும். இது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி என்பதால் சாயனும் அவன் மனைவி வன்னாவும் கொட்டுகிற மழையிலேயே வரிசைக்கு வரிசை முழங்கால் ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டித் தண்ணீரை ஓடையில் இறக்கிவிட்டார்கள். கைத்தோல் உரிந்து, வன்னாவால் பத்து நாள் கரண்டி பிடிக்க முடியவில்லை. தோட்டத்து மண் காய்ந்துவிட்டது. ஆனால் தாழ்வுத் தோட்டம் என்ற பேர் காயவில்லை. தொட்டியில் முதல் தடவை பன்னிரண்டு மூழ்கியது, இரண்டாம் தடவை பதினான்கு. ஊருக்கு அது ஆச்சரியமாகவே இல்லை.

வியாழக்கிழமை மூன்றாவது முறை. எல்லோரும் வந்து, தொட்டியில் பார்த்து, தரம் எழுதி முடித்து, கூடைகளை நிழலில் அடுக்கிவிட்ட பிறகு, நடு மத்தியானத்தில் சாயனின் பிக்கப் வண்டி வந்தது.

"என்ன சாயன், இன்னிக்கும் கடைசி வண்டியா? ஒவ்வொரு பழத்துக்கும் தலை சீவி பவுடர் போட்டு விட்டியா?" என்றாள் லமாய்.

"ஓடையில தண்ணி இறங்க வேணாமா அண்ணி? ராத்திரி மலையில பெஞ்சது காலையில தரைப்பாலத்து மேல ஓடுது. நீந்தியா வர முடியும்?"

"மத்தவங்க எல்லாம் விடியக் காத்தால வந்துட்டாங்க."

"மத்தவங்க எல்லாம் மேட்டுல இருக்காங்க."

அவன் கறுப்புத் தார்ப்பாயை இழுத்தான். உள்ளேயிருந்து குப்பென்று சூடு முகத்தில் அடித்தது. பாலம் வழிவிடும்வரை வண்டி வெயிலில் நின்றிருந்தது. பழம் ஒவ்வொன்றும் அடுப்பிலிருந்து இறக்கியது போல இருந்தது. லேசாகப் புளித்த வாடை கூட வந்தது.

"சீக்கிரம் பாத்துடுங்க அண்ணி, பழம் வேகுது."

"என்னைக் கேட்டா தார்ப்பாய் போட்டே? காத்து வேணாமா அதுக்கு?"

"போடலைன்னா மழை, போட்டா வெயில். நான் எதுக்குன்னு பயப்படுறது?"

நூறு பழத்தை எண்ணித் தொட்டியில் போட்டாள். சூடான பழம் குளிர்ந்த தண்ணீரில் விழுந்ததும் பச்சைத் தொப்பிக்கு அடியிலிருந்து பொடிப் பொடியாகக் குமிழி வந்தது. அதை லமாய் பார்த்தாள். பழம் சுத்தமாகிறது என்று நினைத்துக்கொண்டாள். காலையிலிருந்து வெறும் காப்பி. எதிர்க்கடையில் சேவையும் மீன் குழம்பும் மணத்தது.

"ஊறட்டும். ஊறினாத்தான் சரியாத் தெரியும். சாப்பிட்டு வந்துடறேன்" என்று போனாள்.

எல்லோருக்கும் ஐந்து நிமிஷத்தில் பார்த்துவிடுகிறவள், சாயனுக்கு மட்டும் மூன்று தடவையும் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்து பார்த்தாள். வஞ்சகம் ஒன்றுமில்லை. அவன் வருகிற நேரம் அவளுக்குப் பசிக்கிற நேரம், அவ்வளவுதான்.

அரைமணி கழித்து வந்தபோது அடியில் பதினைந்து கிடந்தன. சீனாவுக்கு ஏற்றுகிற ஹெங் அங்கேயே நின்றிருந்தார். தடித்த மனிதர், எப்போதும் இடுப்பில் கத்தி செருகியிருப்பார். ஒவ்வொன்றாக எடுத்து வெட்டினார். கண்ணாடி, கண்ணாடி, கண்ணாடி.

சாயன் தொண்டையைச் செருமினான். "காலையில தோட்டத்துல இருபது வெட்டிப் பாத்தேன் அண்ணி. ஒண்ணுல கூட இல்ல."

"அப்போ வர்ற வழியில பழத்துக்கு மனசு மாறிடுச்சா?"

நின்றவர்கள் சிரித்தார்கள். சலோங் கூடச் சிரித்தார். சாயன் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை.

"நாளைக்குக் காலையில மரம் வெட்ட ரம்பக்காரனை வரச் சொல்லியிருக்கேன்" என்றான். "இன்னிக்குத் தேறிடுச்சுன்னா வேணாம்னு சொல்லலாம்னு இருந்தேன். எல்லாத்தையும் வெட்டிட்டு டூரியான் கன்னு வைக்கப் போறேன்."

"யாரை மிரட்டுறே?"

"மிரட்டல அண்ணி. தகவல் சொல்றேன். ஒரு வருஷம் ரோட்டுக் கடையில போட்டா உர விலைக்குக் கூடக் காணாது."

"தண்ணி நிக்கிற மண்ணுல டூரியான் வெச்சாலும் அதே கதிதான். மண்ணுக்குப் புத்தி வராது."

சொன்ன பிறகுதான் அது மண்ணைப் பற்றிச் சொன்னதாக இல்லை என்று அவளுக்கே பட்டது. சாயன் கூடைகளை வண்டியில் ஏற்றினான். தொட்டியில் மிதந்துகொண்டிருந்த எண்பத்தைந்தை எடுத்துக்கொள்ளவில்லை. வண்டி போன பிறகு லமாய் கரும்பலகையில் அவன் பேரை அடித்தாள். கொழுந்தன் என்று விட்டுக்கொடுத்தால் நாளைக்கு எவன் அவளை மதிப்பான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நியாயமான கேள்விதான். ஆனாலும் அன்று ஏலம் முடியும்வரை அவள் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

சாயங்காலம் எல்லோரும் போன பிறகு தொட்டியைத் திறந்துவிடப் போனாள். வழக்கமாகப் பார்த்த பழத்தை உடனே எடுத்துத் துடைத்துக் கூடையில் போட்டுவிடுவார்கள், தொட்டியில் ஒன்றும் தங்காது. அன்று சாயனின் எண்பத்தைந்தும் மத்தியானத்திலிருந்து அப்படியே கிடந்தன.

கிடந்தன என்றால், மேலே முப்பது கூட இல்லை. மற்றதெல்லாம் அடியில்.

லமாய் முதலில் யாரோ விளையாடியிருக்கிறார்கள் என்று நினைத்தாள். சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள். மிதப்பது இருபத்தெட்டு, மூழ்கியது ஐம்பத்தேழு. மத்தியானம் அவள் கண் முன்னால் மிதந்த பழங்கள். அடியிலிருந்து ஐந்தை எடுத்து வெட்டினாள். நாலில் சுளை ஊடுருவித் தெரிந்தது. அதுவும் பழத்தின் நடுவிலிருந்து அல்ல, தொப்பிப் பக்கத்திலிருந்து கண்ணாடி இறங்கியிருந்தது. தண்ணீர் எந்த வழியாக வந்ததோ அந்த வழி அப்படியே தெரிந்தது.

குழாய் அதன் பாட்டுக்கு ஊற்றிக்கொண்டிருந்தது. லமாய் அதை மூடினாள். மத்தியானம் பார்த்த குமிழிகள் இப்போது ஞாபகம் வந்தன. பழத்துக்குள் இருந்த காற்று வெளியே வந்திருக்கிறது. காற்று வெளியே வந்தால் அந்த இடத்துக்கு எது உள்ளே போகும் என்று ஒன்பது வருஷம் தொட்டி பார்த்தவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அப்போதே அவளுக்குப் பாதிக்கு மேல் தெரிந்துவிட்டது. கையில் போனை எடுத்தாள். பட்டியலில் சாயனின் பேர் இரண்டாவதாகவே இருந்தது. 'ரம்பக்காரனை நிறுத்து' என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும்.

நிச்சயமாகத் தெரியாமல் எதையாவது உளறி வைக்கக் கூடாது என்று போனைப் பையில் போட்டுக்கொண்டாள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் உண்மைக் காரணம் அது இல்லை. குழாய் அவள் சண்டை போட்டுக் கொண்டுவந்தது. சட்டம் அவள் காத்தது. பழத்தைப் பார்க்கிறேன் என்று அவளே பழத்தைக் கெடுத்து, கெட்டுவிட்டது என்று அவளே பேரை அடித்திருக்கிறாள் என்று தன் வாயாலேயே சொல்ல வேண்டும். அதற்கு நாக்கு எழவில்லை. நாளைக் காலையில் ஒரு சோதனை வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்லலாம், ரம்பக்காரன் எந்த ஊரில் சொன்ன நேரத்துக்கு வந்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

வெள்ளிக்கிழமை காலையில் தன் தோட்டத்திலிருந்து இருபது பழம் பறித்தாள். மேட்டுத் தோட்டம், கண்ணாடி என்பதே அங்கே கிடையாது. பத்தைக் கிணற்றடி நிழலில் வைத்தாள். பத்தைத் தகரத்தின் மேல் பரப்பிக் கறுப்புத் தார்ப்பாயால் மூடினாள். ஒன்பது மணி வெயில் அன்று கொஞ்சம் கூட இரக்கம் காட்டவில்லை. பழம் நன்றாகச் சுட்ட பிறகு, இரண்டு வாளியில் தொட்டிக் குழாயின் மலைத் தண்ணீரைப் பிடித்து வந்து, இதில் பத்து அதில் பத்து என்று போட்டாள். இருபதும் மிதந்தன. சூட்டுப் பழத்தின் தொப்பியிலிருந்து மட்டும் குமிழி வந்தது. மணி பார்த்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தாள்.

அப்போது கீழே, ஓடைப் பக்கமிருந்து ரம்பச் சத்தம் கேட்டது.

லமாய் எழுந்து நின்றாள். மறுபடியும் உட்கார்ந்தாள். இன்னும் பத்து நிமிஷம், பார்த்துவிட்டே போய்விடலாம். ரம்பம் நின்றது. ஒரு மரம். மறுபடி இழுத்தது, மறுபடி நின்றது. வாளியில் சூட்டுப் பழம் ஒன்று சாய்ந்து, தயங்கி, கீழே போனது. இன்னொன்று. மூன்றாவது முறை ரம்பம் நின்றபோது அடியில் ஆறு கிடந்தன. நிழல் பழம் பத்தும் மேலே ஜம்மென்று மிதந்தன. வெட்டிப் பார்க்க அவள் நிற்கவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளுக்கு ஓடினாள்.

போனை வழியில் இரண்டு தடவை அடித்தாள். ரம்பத்துக்குப் பக்கத்தில் நிற்கிறவனுக்கு எங்கே கேட்கும்?

தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் இடுப்பளவு ஓடியது. காலை மணி பத்து. இந்தத் தண்ணீர் பதினொன்றுக்குத்தான் இறங்கும் என்று சாயன் பருவம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தான். அவளும் பருவம் முழுக்கக் கேலி பண்ணிக்கொண்டிருந்தாள். வண்டியைச் சாய்த்துவிட்டு இறங்கினாள். இழுப்பு பலமாக இருந்தது. பாலத்துக் கல்லைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு அடியாக வைத்து, செருப்பு ஒன்றை ஓடைக்குக் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் ஏறினாள். அதற்குள் ரம்பம் இன்னும் நாலு தடவை நின்றுவிட்டது.

தோட்டத்தில் கால் வைத்ததும் அவளுக்கு முதலில் உறைத்தது மண். பொலபொலவென்று காய்ந்திருந்தது. வரிசைக்கு வரிசை வாய்க்கால், அதிலும் அடியில் மட்டும்தான் ஈரம். இந்தப் பருவத்தில் ஒரு நாள் கூட அவள் இங்கே வந்து பார்த்திருக்கவில்லை. ஒவ்வொரு மரத்தடியிலும் மூன்று ஊதுபத்தி செருகியிருந்தது, வெட்டுவதற்கு முன்னால் மன்னிப்புக் கேட்டு வைத்தது. ஓடையோர வரிசையில் ஏழு மரம் விழுந்து கிடந்தது. வன்னா விழுந்த கிளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து பழுத்ததைத் தனியாகவும் காயைத் தனியாகவும் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ரம்பக்காரன் எட்டாவது மரத்தடிக்குப் போயிருந்தான்.

"நிறுத்து! நிறுத்துடா டேய்!" என்று கத்தினாள் லமாய்.

அவன் அணைத்தான். சாயன் திரும்பிப் பார்த்தான். தலை முதல் கால் வரை நனைந்து, ஒற்றைச் செருப்போடு அண்ணி நின்றது அவனுக்குப் பயமாக இருந்திருக்க வேண்டும்.

"யாருக்கு என்ன ஆச்சு அண்ணி?"

"பழத்துல ஒண்ணும் இல்ல சாயன். தொட்டிதான்."

"என்ன தொட்டி?"

"சுட்ட பழத்தைக் கொண்டுபோய் ஐஸ் மாதிரி தண்ணியில போட்டா உள்ள இருக்கற காத்து சுருங்கித் தண்ணியை இழுத்துக்குது. ஊற ஊற இழுத்துக்குது. உன் பழம் சூடா வருது. உன் பழத்தைத்தான் நான் அரைமணி ஊறப் போட்டேன். கண்ணாடி உன் தோட்டத்துல ஆகல. என் தொட்டியில ஆச்சு."

சாயன் நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

"சோதிச்சுப் பாத்தீங்களா?"

"என் மரத்துப் பழத்தையே போட்டுப் பாத்தேன். பத்துக்கு ஆறு மூழ்கிடுச்சு."

"மேட்டுப் பழம்?"

"மேட்டுப் பழம்."

அவன் தலையாட்டினான். ரம்பக்காரனைப் பார்த்து வேண்டாம் என்று கையைக் காட்டினான். வன்னாதான் எழுந்து வந்தாள். அவள் மெதுவாகப் பேசுகிறவள், அன்றும் மெதுவாகத்தான் கேட்டாள்.

"எப்போ தெரிஞ்சுது அக்கா உங்களுக்கு?"

லமாய் பொய் சொல்லியிருக்கலாம். 'இப்போதான்' என்றால் யாரும் போய்த் தேடப் போவதில்லை. வாய் வரைக்கும் வந்தது.

"நேத்து சாயங்காலம்" என்றாள்.

வன்னா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, போய் மறுபடி பழம் பொறுக்க உட்கார்ந்தாள். அவள் ஒரு வசவு திட்டியிருந்தால் லமாய்க்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும்.

"போங்க அண்ணி, துணியை மாத்துங்க. காய்ச்சல் வந்துடப் போவுது" என்றான் சாயன்.

"மத்தியானம் பழத்தைக் கொண்டு வா."

"பேரை அடிச்சுட்டீங்களே."

"அடிச்சவ எழுதுவா. கொண்டு வா. தார்ப்பாயை இறுக்கிக் கட்டாம, ரெண்டு பக்கமும் காத்து போற மாதிரி விட்டு, நிழல்ல நிறுத்து."

ஏலத்துக்கு முன்னால் லமாய் கரும்பலகைக்கு முன்னால் போய் நின்றாள். குழுவில் முக்கால்வாசிப் பேர் இருந்தார்கள், வியாபாரிகளும் இருந்தார்கள். சுற்றி வளைக்காமல் சொன்னாள். குழாய்த் தண்ணீர் தப்பு, ஊற வைத்தது தப்பு, சாயனின் பேரை அடித்தது தப்பு. மூன்றும் தன் தப்பு.

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. ஹெங் கையைத் தூக்கினார்.

"இருங்க இருங்க. பாத்த பழத்தையெல்லாம் திரும்பக் கூடையிலதானே போட்டீங்க? அதை நான் மிதந்த பழம்னு நம்பி வாங்கினேனே?"

"ஆமா. காலையில குளிர்ச்சியா வந்து அஞ்சு நிமிஷம் கிடந்ததுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது. வெயில் ஏறி வந்ததுல கொஞ்சம் நான் கெடுத்ததா இருக்கும்."

"நல்லா இருக்கு போங்க!"

சலோங் அவளை ஓரமாக இழுத்தார். முகம் கறுத்திருந்தது. "வியாபாரிங்க முன்னால எதுக்கு இதைப் போட்டு உடைக்கணும்? என்கிட்ட தனியா சொல்லியிருக்கக் கூடாதா? நாம கமுக்கமா குழாயைக் கழட்டியிருப்போமே."

"கமுக்கமா வெச்சுக்கிட்டுத்தான் ஒரு ராத்திரி இருந்தேன்" என்றாள் லமாய். "அதுல ஏழு மரம் போயிடுச்சு."

அன்று மூன்று வியாபாரிகள் சீட்டு எழுதாமலே வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்கள். விலை இறங்கியது. போகிறபோது லமாயைப் பார்த்துச் சிலர் முணுமுணுத்தார்கள், ஒருத்தி உரக்கவே சொன்னாள். லமாய் கேட்டுக்கொண்டாள். ஹெங் மட்டும் போகவில்லை. திட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

சாயனும் வன்னாவும் இரண்டு மணிக்கு வந்தார்கள். ஐந்து கூடை. லமாய் தொட்டியிலிருந்த மலைத் தண்ணீரை முழுக்கத் திறந்துவிட்டு, கூரையடிப் பீப்பாய்களில் நாள் கணக்காக நின்று குளிர் விட்ட மழைத் தண்ணீரை மொண்டு ஊற்றி வைத்திருந்தாள். பாசி மிதந்தது. கூடைகளை நிழலில் இறக்கி, பழம் ஆறும் வரை காத்திருந்தாள். பிறகு நூறு எண்ணிப் போட்டாள். குமிழி வரவில்லை. கைக்கடிகாரத்தில் இரண்டு நிமிஷம், அதற்கு மேல் ஒரு நொடி இல்லை. சுற்றி நின்றவர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். அடியில் இரண்டே இரண்டு.

"நூத்துக்கு ரெண்டு" என்றாள். "முதல் தரம்."

அடித்த பேரை ஈரத் துணியால் துடைத்துவிட்டுப் புதிதாக எழுதினாள். எழுத்து கோணலாக வந்தது, திருத்தவில்லை.

ஹெங் எழுந்து வந்து கூடையிலிருந்து ஐந்தாறை எடுத்து வெட்டினார். எல்லாம் வெள்ளை. ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டார், கோபம் கொஞ்சம் இறங்கியது. இன்னொரு சுளையையும் போட்டுக்கொண்டார்.

"இது பழம்!" என்றார். "இந்தப் பருவத்துல நான் பாத்ததுலயே இதுதான். சாயன், இதே மரத்துப் பழத்தை நாளைக்கும் தனியா கட்டிக் கொண்டு வா. மத்ததோட கலக்காதே, நான் எடுத்துக்கறேன்."

வன்னா தலையைக் குனிந்துகொண்டாள். சாயன் கூடையின் விளிம்பைத் தடவினான்.

"அந்த மரமெல்லாம் காலையில விழுந்துடுச்சுங்க" என்றான். "மீதி முப்பத்து மூணுலேர்ந்து கொண்டு வரேன்."

ஹெங் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினார். பிறகு மெதுவாக விழுங்கினார், கத்தியைத் துடைத்து இடுப்பில் செருகிக்கொண்டு நகர்ந்தார்.

லமாய் தொட்டியிலிருந்து பழங்களை எடுத்தாள். ஒவ்வொன்றாக எடுத்து, தொப்பிக்கு அடியில் துணி முனையை விட்டு, ஈரம் இல்லாமல் துடைத்துக் கூடையில் அடுக்கினாள். முப்பது ஆனது, ஐம்பது ஆனது. வண்டி ஏற்ற ஆட்கள் காத்திருந்தார்கள்.

"போதும் அண்ணி, காஞ்சுடுச்சு" என்றான் சாயன்.

"இரு" என்றாள் அவள். அடுத்ததை எடுத்துத் துடைத்தாள்.